ஒன்பது நாள்

உலான் உதேயில் ஜனவரி மாதம்
மண்ணை வெட்ட முடியாது, முதலில் வேகவைக்க வேண்டும்.
நிலக்கரி பரப்பித் தகரம் மூடி
இரண்டு இரவு காத்திருப்பேன்.
மூன்றாம் நாள் விடிகாலை
கடப்பாரை ஒரு சாண் இறங்கினால் பாக்கியம்.

இருபத்தாறு வருஷமாய் இதுதான் பிழைப்பு.
சிலுவைக்காரர்களுக்கு மேற்கே தலை.
எங்கள் தாத்தாரியருக்குக் கிப்லா பார்த்து
குழிக்குள் பக்கவாட்டில் ஒரு மாடம்.
புர்யாத்தியருக்கு லாமா கணித்துச் சொல்லும் திசை, நேரம்.
பழைய கட்சிக்காரர்களுக்கு எந்தப் பக்கமும் சம்மதம்.
எல்லாருக்கும் அதே கரிதான்.

"இதில் எது நிஜம், மின்னுல்லா?" என்று
குழி மூடியபின் யாராவது கேட்பார்கள்.
எல்லாமே நிஜம்தான் என்பேன்.
வாய்க்கு வலிக்காத பதில்.
தேநீர் இன்னொரு குவளை கிடைக்கும்.

உஸ்தீனியாவிடமும் அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன்.

அவள் பழைய மார்க்கத்தவள், இரண்டு விரலால் சிலுவை இடுபவள்.
அவள் புருஷன் பால்ஜினிமா
பைக்கால் ஏரியின் பனிமேல் முப்பது வருஷம்
மீன் லாரி ஓட்டியும் மூழ்காதவர்,
அடுக்களையில் பூட்ஸ் மாட்டக் குனிந்து
அப்படியே சாய்ந்துவிட்டார்.
அந்த அடுக்களையில் ஒரு மூலை அவள் புனிதர்களுக்கு,
எதிர் மூலை அவருடைய வெண்ணெய் விளக்குக்கு.
நடுவில் குளிர்பெட்டி.
சண்டை வந்ததெல்லாம் உப்பைப் பற்றித்தானாம்.

அடக்கத்தன்று
லாமா கண்ணாடியைத் துடைத்த அரை நிமிஷத்தில்
ஏணிபோல் முடிந்த தன் தோல் ஜெபமாலையை
அவர் கோட்டுப் பையில் நுழைத்தாள்.
நான் பார்த்தேன். பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள்
தேன் விட்ட கோதுமைக் கிண்ணத்தோடு வந்தாள்.
"எங்கள் கணக்கில் இன்றைக்கு அவருக்குத் தீர்ப்பு.
அவர் கணக்கில் இன்னும் ஒன்பது நாள் அலைச்சல்,
பிறகு ஏதோ ஒரு வயிற்றில் இறங்குவார்.
இந்த ஒன்பது நாளும்
அந்த மனுஷன் எங்கே இருப்பார்?"

வழக்கமான பதிலை எடுத்து நீட்டினேன்.

கிண்ணத்தைப் பனியில் வைத்தாள்.
"அப்படிச் சொல்லாதே.
எல்லாம் நிஜமென்றால்
அவர் எங்கோ யார் மடியிலோ பால் குடித்துக்கொண்டிருப்பார்.
நான் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கேட்பேன்.
அப்படி யாரும் வரவில்லையே என்பார்கள்,
அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.
அவர் உண்மை அவருக்கு, என் உண்மை எனக்கு.
இதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லையப்பா,
விவாகரத்து.

ஏதாவது ஒன்று பொய்யாகட்டும்.
என்னுடையதே பொய்யாகட்டும், போ.
செம்மறியாய்ப் பிறக்கவும் தயார்,
மந்தை ஒன்றென்றால்.
இரண்டும் பொய்யா, அதுவும் சரி.
பக்கத்துப் பக்கத்தில்
ஒன்றுமில்லாமல் இருப்போம்."

எங்கள் இமாம் ஒருமுறை
இறந்தவர்க்கும் இருப்பவர்க்கும் நடுவே ஒரு திரை என்றார்.
அதைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
குளிர் பல்லில் பட்டது, மூடிக்கொண்டேன்.
ஒரு காகம் கோதுமையைக் கவனித்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு நூர்சியாவின் முதுகைப் பார்த்தபடி
வெகுநேரம் படுத்திருந்தேன்.
எங்களுக்கு ஒரே பள்ளிவாசல், ஒரே கிப்லா.
அதனாலேயே
இந்தக் கேள்வி தலைவாசலில் நிற்பது தெரியாமல்
இத்தனை காலம் உறங்கியிருக்கிறேன்.

நாற்பத்தொன்பதாம் நாளும் வந்தாள்.
ஜாம் போத்தலுக்குள் வெண்ணெய் விளக்கு,
காற்றுக்கு முதுகு காட்டி ஏழு குச்சி செலவழித்து ஏற்றினாள்.
பக்கத்து இடம் தனக்கு வேண்டும் என்றாள்.
இடைவெளி எழுபது சென்டிமீட்டர், நகராட்சி விதி.
கைவிரித்து அளந்து பார்த்தாள்.
எங்கள் கட்டிலே அதைவிடக் குறுகல் என்றாள்.

இரும்பு வேலி?
இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. நீல வண்ணம்.

கதவு வைக்கவா?

கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"வை.
கொண்டி மட்டும் வேண்டாம்."